ரிப்பேரா, இப்படித்தானா?

“எனக்குத் தெரியாது” என்று சொல்ல ஒருவனுக்கு என்ன கஷ்டம்? இரண்டே சொல். ஆனால் இருபது வயது வரை அந்த இரண்டு சொல்லும் என் வாயில் வந்ததே கிடையாது. யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். பல்வலிக்கு மருந்து, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம், மழை வருமா வராதா, எல்லாம் எனக்கு அத்துப்படி. (அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்ட ஒரு பெரியவரை ஆழ்வார்குறிச்சிக்குப் பதில் சேரன்மகாதேவி பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கிறேன். சாயங்காலம் அவர் திரும்பி வந்து என்னைத் தேடியதாகக் கேள்வி.)

இந்த வியாதி முற்றியது பாளையங்கோட்டையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. தொண்ணூறுகளின் தொடக்கம். விடுதியில் என் அறைத்தோழன் காதர், காயல்பட்டினத்துக்காரன். அவனுடைய வாப்பா துபாயில் இருந்தார். ஊருக்குக் கடிதம் எழுத அவருக்குச் சோம்பல். கேசட்டில் பேசி அனுப்பிவிடுவார். ஒருமுறை வெறும் கேசட் கிடைக்காமல், யாரோ விட்டுப்போன ஹார்ட் ராக் கேசட்டின் பின்பக்கத்தில் பேசி அனுப்பியிருந்தார். அது எப்படியோ என் கைக்கு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் போட்டால் நாலு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். திருப்பிப் போட்டால் காதரின் வாப்பா, கிணற்றுக்கு மூடி போட்டாச்சா, தென்னைக்குத் தண்ணி விடுதியளா என்று நிதானமாக விசாரிப்பார். உண்மையைச் சொன்னால் எனக்குப் பின்பக்கம்தான் பிடிக்கும். ஆனால் வகுப்பில் முன்பக்கத்தைப் பற்றித்தான் பேசுவேன். அந்த ஒரே ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு கல்லூரி முழுக்க ‘ராக் இசை நிபுணன்’ என்று பெயர் வாங்கிவிட்டேன்.

அந்த வருடம் கலை விழாவுக்குப் பெங்களூரிலிருந்து ஒரு ஹார்ட் ராக் குழு வருவதாக ஏற்பாடானது. திருவனந்தபுரத்தில் நிகழ்ச்சி முடித்துவிட்டுத் திரும்புகிற வழியில் பாளையங்கோட்டைக்கும் ஒரு மாலை ஒதுக்கியிருந்தார்கள். விழாக்குழு கூடியது. “மைக்செட்டுக்கு என்ன செய்யப் போறோம்? ராக்குக்குத் தோதா யாரு போடுவா?” என்று கேட்டார்கள். எல்லோரும் நிபுணனைப் பார்த்தார்கள். நிபுணன் கொஞ்சமும் யோசிக்காமல், “எங்க மாமா போடுவாவ. ராக்கெல்லாம் அவாளுக்குத் தண்ணி பட்ட பாடு” என்றான்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. அம்பாசமுத்திரத்தில் ‘செண்பகம் சவுண்ட் சர்வீஸ்’ நடத்திவந்தார். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம், பூப்பு நீராட்டு விழா என்று சுற்றுவட்டாரத்தில் அவர் ஒலிபெருக்கிக் குழாய் கட்டாத மரம் கிடையாது. ராக்கைப் பற்றி அவருக்கும் எனக்குத் தெரிந்த அளவுதான் தெரியும். அதாவது ஒன்றுமே தெரியாது.

பின்னே எதற்காக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன் என்று கேட்பீர்கள். செண்பகம் என்பது மாமாவின் மகள் பெயர். எனக்கு முறைப்பெண். பாளையங்கோட்டையிலேயே பெண்கள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைக் கட்டினால் கட்டுவேன், இல்லையென்றால் சாமியாராகப் போய்விடுவேன் என்று நான் தீர்மானம் செய்து வெகு நாளாகிவிட்டது. அம்மா பைய மாமாவிடம் பேச்செடுத்தபோது அவர் சொன்னது இதுதான்: “அக்கா, உன் மவன் வாயால பந்தல் போடுதான். கையால ஒரே ஒரு காரியத்தை உருப்படியா செஞ்சு காட்டச் சொல்லு. அப்புறம் பேசுவோம்.”

அந்த ஒரே ஒரு காரியம் இதுதான் என்று நான் முடிவு செய்தேன். பெரிய கல்லூரி, ஆயிரக்கணக்கில் கூட்டம், அத்தனை பேர் முன்னாலும் மாமாவின் செட் பேசப் போகிறது. ஏற்பாடு செய்தவன் மருமகன். இதைவிட வேறென்ன வேண்டும்?

விழா நாளன்று டெம்போவில் செட்டை ஏற்றிக்கொண்டு மாமா மத்தியானமே வந்து இறங்கினார். நான்தான் இறக்கினேன். ஒவ்வொரு பெட்டியிலும், ஒவ்வொரு குழாயிலும் சிவப்புப் பெயிண்டில் ‘செண்பகம்’ என்று எழுதியிருக்கும். அவற்றைத் தோளில் சுமந்து போகையில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை விடுங்கள், இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது.

கடைசியாக ஆம்ப்ளிஃபயர். அதை மட்டும் மாமா யார் கையிலும் கொடுக்கமாட்டார். அவரே சாமான் வாங்கி, ஒவ்வொரு ஒயராகப் பற்றவைத்துச் செய்தது. நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கும் ஆம்ப்ளிஃபயரை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். அதன் முகப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை அவர் ஒருநாளும் பாதிக்கு மேல் திருப்பியதில்லை.

“முப்பது வருசமாச்சு மாப்ளே. ஒரு கூட்டத்துலயாவது எவனாவது ‘ஏ மைக்செட்டு’ன்னு சத்தம் போட்டிருக்கானா? கேட்டுப் பாரு. என் செட்டுல கரகரப்பு வராது. பேசுதவன் மூச்சு விட்டாக்கூட மணியா கேக்கும்.”

அந்தப் பெருமைக்குத்தான் நான் கொள்ளி வைக்கப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. (பாருங்கள், இப்போதெல்லாம் ‘தெரியாது’ எவ்வளவு சுலபமாக வருகிறது.)

நாலு மணிக்குப் பெங்களூர்க்காரர்கள் வந்தார்கள். தோள் வரை முடி, கிழிந்த பேன்ட். மாமா அவர்களைப் பார்த்து, “பாவம், ரயில்ல சாமானத்தைத் தொலைச்சுட்டானுவ போல” என்றார். கிட்டார் வாசிப்பவர் பெயர் ஜெரி. நல்ல மனிதர். அரைகுறைத் தமிழ் பேசுவார். காலால் மிதிக்கிற ஒரு சின்னப் பெட்டியில் கிட்டாரைச் செருகி, அதிலிருந்து ஒரு ஒயரை மாமாவின் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்தார். கம்பியை ஒரு இழு இழுத்தார். ‘கர்ர்ர்ர்’ என்று மைதானமே அதிர்ந்தது. மரத்தில் இருந்த காக்காய் எல்லாம் ஆற்றுப்பக்கம் பறந்தன.

மாமா முகம் செத்துவிட்டது. ஓடிப்போய்த் திருகைக் குறைத்தார். ஒயரை மாற்றினார். ஒயர் முனையை ஊதித் துடைத்தார். மறுபடியும் ‘கர்ர்ர்ர்’. அப்புறம் தரையில் மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, அந்தக் கால்பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார். அதைப் பிடுங்கித் தூர வைத்துவிட்டு, கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினார்.

“இப்ப வாசிங்க தம்பி.”

ஜெரி வாசித்தார். ‘டிங்’ என்று வீணை மாதிரி இருந்தது.

“பாத்தியா மாப்ளே! கோளாறு அந்தப் பெட்டிலதான். பைசா வாங்காம ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டேன்னு தம்பிகிட்ட சொல்லு” என்றார் மாமா, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டே.

ஜெரி என்னைப் பார்த்தார். நான் ஜெரியைப் பார்த்தேன். அந்தச் சத்தத்துக்காகத்தான் அந்தப் பெட்டி, அதற்காகத்தான் அதை விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்று ஜெரி அரைமணி நேரம் எனக்கு விளக்கினார். நான் ஏதோ பிறந்ததிலிருந்தே அறிந்தவன் போலத் தலையை ஆட்டிவிட்டு, அதை மாமாவுக்கு ஒரு மணி நேரம் விளக்கினேன்.

“அப்போ, கெட்டுப்போன மாதிரி கேக்கணும்னு வேணும்னே கெடுக்கானுவளா?”

“ஆமா மாமா.”

“அதுக்கு எதுக்குலே என் செட்டு? மேலப்பாளையம் பக்கம் ஒரு பய வச்சிருக்கான் பாரு, அது தன்னால அப்படித்தான் கேக்கும்.”

ஆறரை மணிக்கு மைதானம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் முதல்வரும் ஆசிரியர்களும். இடப்பக்கம் பெண்கள் கல்லூரியிலிருந்து வந்தவர்கள். அதில் மூன்றாவது வரிசையில் செண்பகம், தோழிகளோடு. தன் பெயர் மேடை முழுக்க எழுதியிருப்பதை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். ஹார்ட் ராக் குழு கருப்புச் சட்டையோடு மேடையில் ஏறி நின்றது. விளக்கு அணைந்தது. ஒரே நிசப்தம்.

கணீரென்று பிள்ளையார் பாட்டு ஒலித்தது.

பிள்ளையார் பாட்டுப் போடாமல் மாமா செட்டை ஓட்டமாட்டார். அது அவர் தொழில் வழக்கம். கட்சிக்காரர்கள் கெஞ்சியும் விட்டுக்கொடுத்ததில்லை. பெங்களூர்க்காரர்கள் நாலு பேரும் பாட்டு முடிகிறவரை என்ன செய்வதென்று தெரியாமல் தலைகுனிந்து நின்றார்கள். டிரம்ஸ்காரர் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு தொடங்கியது. முதல் பாட்டு பாதி போவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: “ஏ மைக்செட்டு! கொரகொரங்குது!” அதைக் கேட்டு இன்னும் பத்துப் பேர், “ஏலே மைக்செட்டு!” முதல்வர் ஒரு துண்டுச் சீட்டில், ‘ஒலி அமைப்பை உடனே சரி செய்யவும்’ என்று எழுதி அனுப்பினார்.

முப்பது வருடப் பெயர் ஒரே பாட்டில் போனது. மாமா துள்ளி எழுந்து திருகைக் குறைத்தார். ஜெரி கையால் ‘ஏற்று, ஏற்று’ என்று சைகை காட்டினார். நான் ஏற்றினேன். மாமா குறைத்தார். நான் ஏற்றினேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு திருகைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டியதை முன்வரிசை முழுக்கப் பார்த்தது.

“மாமா, இதுல ரிப்பேர் ஒண்ணும் இல்ல. இது இப்படித்தான். நீங்க கையை வைக்காதீங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

“உனக்குத் தெரியுமா மாப்ளே? நிச்சயமாத் தெரியுமா?”

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் அதே சந்தேகம்தான். விடுதியில் இருந்த டேப் ரெக்கார்டர் மங்குணி. அதில் காதரின் வாப்பா பேசினாலே கரகரவென்றுதான் கேட்கும். ராக் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் மூன்றாவது வரிசை பார்த்துக்கொண்டிருக்கிறது. “எல்லாம் தெரியும் மாமா” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, கை தானாகப் போய்விடக்கூடாது என்று இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னைத்தான் கேட்டார். ஜெரி கிட்டாரை ஸ்பீக்கர் பெட்டிக்கு முன் நீட்டினார்; அது ஊளையிட்டது.

“மாப்ளே, இது ரிப்பேரா, இப்படித்தானா?”

“இப்படித்தான் மாமா.”

பாடுகிறவர் மைக்கைக் கயிறு மாதிரி சுழற்றினார்.

“ஐயோ, என் மைக்கு! இது ரிப்பேரா, இப்படித்தானா?”

“இப்படித்தான் மாமா.”

நாலாவது பாட்டில் பாடகர் மேடையில் பொத்தென்று விழுந்தார். விழுந்து, கையும் காலும் உதறத் தொடங்கினார். மாமா இந்தத் தடவை என்னைக் கேட்கவே இல்லை. “வலிப்பு வந்துட்டுலே!” என்று கத்திக்கொண்டு ஒரே தாவலில் மேடை ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன்னிடம் இருந்த கட்டிங் பிளேயரைப் பாடகரின் உள்ளங்கையில் திணித்து, விரல்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். (வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள் அல்லவா?) பாடகர் கண்ணைத் திறந்து, தன் கையில் இருந்த கட்டிங் பிளேயரைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். உதறல் அப்படியே நின்றுவிட்டது. மாமா கூட்டத்தைப் பார்த்து, சரியாகிவிட்டது என்று கையைக் காட்டினார். அன்றைய மாலையின் முதல் கைதட்டல் அப்போதுதான் விழுந்தது. விசில் சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆனது.

பெண்கள் பகுதியே குலுங்கியது. செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். மானம் கப்பலேறிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவின் கையைப் பிடித்துக் கீழே இழுத்துவந்து, அவரைவிடச் சின்னவன் என்பதையும் மறந்து, நாலு பேர் கேட்கக் கத்திவிட்டேன்.

“எத்தனை தடவை சொல்லுதது? எல்லாம் இப்படித்தான்! உங்களுக்கு இதெல்லாம் புரியாது. பேசாம உக்காருங்க!”

மாமா போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். மறுபடியும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். நான் என் நிபுணத்துவத்தை நிரூபிக்க, அதுவரை பாதியைத் தாண்டாத அந்தத் திருகைப் பிடித்துக் கடைசி வரை திருப்பிவிட்டேன். பாட்டு இடி மாதிரி இறங்கியது. ஜெரி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். பின்வரிசைப் பயல்கள்கூட நாற்காலி மேல் ஏறி ஆடத் தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தபடி தலையை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

“மாப்ளே” என்று பக்கத்தில் மெல்லக் கேட்டது. “புகை வருது.”

“ராக்குன்னா புகை வரும் மாமா. அது இப்படித்தான்.”

கொஞ்ச நேரம் கழித்து: “மாப்ளே, கருகுன வாடை அடிக்குது.”

“இப்படித்தான்னேன்லா!”

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேடையைச் சூழ்ந்து புகை எழும்ப எழும்பக் கூட்டம் ஓவென்று ஆர்ப்பரித்தது. அப்புறம் ‘டப்’ என்று ஒரு சத்தம். எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டன. கிட்டார் இல்லை, பாட்டு இல்லை. டிரம்ஸ்காரர் மட்டும் எதையும் கவனிக்காமல் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார். நான் திரும்பினேன். ஆம்ப்ளிஃபயரின் மூடி வழியாக நீலமாக ஒரு தீ எட்டிப் பார்த்தது. ‘செண்பகம்’ என்ற எழுத்தில் சிவப்புப் பெயிண்ட் கொப்பளித்து வழிந்துகொண்டிருந்தது.

மாமா அப்போதும் கையைத் தொடைக்குக் கீழேதான் வைத்திருந்தார். தீ என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் படித்தவன், நிபுணன், நான் இப்படித்தான் என்று சொல்லிவிட்டேனே! பிறகு எழுந்து, மண்ணை அள்ளிப் போட்டு, தோளில் இருந்த துண்டால் அதை மூடினார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. அந்தத் துண்டுக்குள் என்னையும் சேர்த்து மூடிவிடமாட்டாரா என்று இருந்தது.

கூட்டத்தில் ஒருவன் மட்டும் கத்தினான்: “ஏ மைக்செட்டு!”

செட்டை இறக்கிவைக்க நானும் அதே டெம்போவில் ஊருக்குப் போனேன். மாமா மடியில் குழந்தையை வைத்திருப்பது போல ஆம்ப்ளிஃபயரை வைத்திருந்தார். பத்தமடை தாண்டியதும், வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்:

“மாப்ளே, கோவிச்சுக்கிடாத. அந்தப் பாட்டெல்லாம் உனக்கு நெசமாவே தெரியுமா?”

என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த இரண்டு சொல்லும் வந்தன.

“எனக்குத் தெரியாது மாமா. ஒரே ஒரு கேசட்டுதான் கேட்டிருக்கேன். அதுலயும் ஒரு பக்கம்தான்.”

“மறுபக்கம் என்ன?”

“காதரோட வாப்பா, கெணத்துக்கு மூடி போட்டாச்சான்னு கேப்பாவ.”

மாமா மறுபடியும் வெளியே திரும்பிக்கொண்டார். வீரவநல்லூர் வந்தபோது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“மூடி போட்டாச்சாமா?”

“அதுவும் தெரியாது மாமா.”

அந்த ஆம்ப்ளிஃபயர் பிழைக்கவில்லை. மாமா வேறொன்று செய்ய ஒரு வருடமானது. கதை மட்டும் ஒரே வாரத்தில் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் மிக்ஸி இரைந்தால், பஸ் குலுங்கினால், குழந்தை வீறிட்டால், என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்: “ரிப்பேரா, இப்படித்தானா?” என் குறட்டைக்கும் இதே கேள்விதான். பல் டாக்டரிடம் என் மகன் கேட்கிறான் ஐயா, என் வாயைக் காட்டி!

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்கு வேலை கிடைத்த வருடம் அம்மா முறைப்படி தட்டோடு பெண் கேட்கப் போனாள். நானும் புதுச் சட்டையில் போய் உட்கார்ந்தேன். மாமா என்னைத் தலை முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் நிதானமாகக் கேட்டார்:

“அக்கா, பொண்ணு குடுக்கதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். உன் மவன் ரிப்பேரா, இப்படித்தானா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து செண்பகத்தின் குரல் வந்தது.

“இப்படித்தான்ப்பா. நீங்க கையை வைக்காதீங்க. நான் பாத்துக்கிடுதேன்.”

மாமா ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கல்யாணத்தன்று மைக்செட் இருக்கும் திசைக்கே மாப்பிள்ளை வரக்கூடாது. வரவில்லை. மணவறையை விட்டு நான் அசையக்கூட இல்லை. கெட்டிமேளம் முழங்க, தாலியைக் கையில் எடுத்தேன். சரியாக அந்த நேரம் பார்த்து, நாதஸ்வரக்காரர் முன்னால் இருந்த மைக் ‘கூய்ய்ய்’ என்று காது கிழிய ஊளையிட்டது. மேளம் நின்றது. மண்டபம் முழுக்க அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. செண்பகம்கூடக் குனிந்த தலையை நிமிர்த்திப் பார்த்தாள். தாலியைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் நின்ற மாமா என் காதருகே குனிந்தார்.

“இது ரிப்பேருதான் மாப்ளே. நான் பாத்துக்கிடுதேன். நீ தாலியைக் கட்டு.”